சூடேறி அணைந்த சர்வர், அணையாத ஆரஞ்சு விளக்கு: கேள்வி பதில்

கேள்வி: சர்வர் அறையில் ஏசி நின்றுபோய், நடு இரவில் சர்வர் தானாக அணைந்துவிட்டது. ஏசியைச் சரிசெய்து மறுபடி ஆன் செய்தோம். மூன்று நாளாக ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் முன்பக்க ஆரஞ்சு விளக்கு மட்டும் அணையவே இல்லை. நாலைந்து முறை ரீபூட் செய்தும் பலனில்லை. போர்டு போய்விட்டதா சார்?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்த விளக்கை எரிய வைப்பது உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது. மதர்போர்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிஎம்சி என்ற குட்டிக் கம்ப்யூட்டர்தான் எரிய வைக்கிறது. டெல் சர்வரில் அதற்கு ஐட்ராக் என்று பெயர், எச்பிஇ-யில் ஐலோ. பவர் கார்டு சொருகியிருக்கும்வரை அது ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் விழித்தே இருக்கும். நீங்கள் ரீபூட் செய்வதை அது ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அது நடந்து முடிந்ததைச் சொல்கிறதா, இப்போது நடப்பதைச் சொல்கிறதா என்பதை. பிஎம்சியின் நிகழ்வு லாக்கைத் திறங்கள். இப்படி ஏதாவது இருக்கும்: 02:14, இன்லெட் வெப்பம், எச்சரிக்கை வரம்பு, அசர்ட்டட். 02:31, அதே சென்சார், ஆபத்து வரம்பு, அசர்ட்டட். 02:33, பவர் ஆஃப். இன்லெட் என்றால் சர்வரின் முன்னால் காற்று நுழையும் இடம், அசர்ட்டட் என்றால் அலர்ட் எழுந்தது. இதற்குக் கீழே அதே சென்சாருக்கு டீஅசர்ட்டட் (அலர்ட் அடங்கியது) என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த விவகாரம் முடிந்தது. இல்லையென்றால், ஒன்று சென்சார் இன்னமும் வரம்புக்கு மேலே காட்டுகிறது, அல்லது பிஎம்சி பழைய நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. சென்சார் பக்கத்தில் இப்போதைய அளவைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வெப்ப வரிகளோடு நிறுத்தாமல் கடைசி வரை படியுங்கள். சூட்டில் அடிவாங்கிய ஒரு ஃபேனோ பவர் சப்ளையோ ரெய்டு கார்டின் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கார்டு) பேட்டரியோ கடைசியில் ஒற்றை வரியாக ஒளிந்திருக்கும். விளக்கு எரிவது பல சமயம் அதற்காகத்தான்.

எல்லா அளவும் சரியாக இருந்தால், லாக்கை ஒரு ஃபைலாகப் படி எடுத்துவிட்டு அழியுங்கள். அப்படியும் விளக்கு அணையவில்லையா, பிஎம்சியை மட்டும் ரீசெட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஓஎஸ்ஸுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது, ஃபேன்கள் ஓரிரு நிமிடம் அலறலாம். அதற்கும் மசியவில்லை என்றால் சர்வரை முறைப்படி அணைத்து, எல்லா பவர் கார்டையும் உருவி, பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். மறுபடி சொருகியதும் பிஎம்சி எழுந்திருக்க இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். இதற்குப் பிறகு புதிய நேரத்தோடு அதே அலர்ட் வந்தால், அது நிஜக் கோளாறு.

கேள்வி: லாக்கை அழித்துவிட்டேன். சர்வீஸ்காரர்கள் இப்போது லாக் கேட்கிறார்கள்.

பதில்: அதனால்தான் அழிக்கும் முன் படி எடுக்கச் சொல்வது. சில மாடல்களில் பிஎம்சிக்குள் இரண்டாவதாக ஒரு லாக் தனியாக இருக்கும். அங்கே தேடிப் பாருங்கள்.

கேள்வி: அணைத்தது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று இரவு ஷிஃப்ட் ஆள் சத்தியம் செய்கிறார்.

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இன்லெட் வெப்பம் ஏறி, அதன்பின் அணைந்திருந்தால் குற்றவாளி அறை. இன்லெட் சாதாரணமாக இருக்க, லாக்கில் பிராசசர் தெர்மல் டிரிப் என்று மட்டும் இருந்தால் குற்றவாளி பெட்டிக்குள் இருக்கிறது. சிபியு சூடானால் முதலில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால்தான் தெர்மல் டிரிப் சிக்னல் கொடுத்து மின்சாரத்தை வெட்டச் சொல்லும். அங்கே ஓஎஸ்ஸிடம் அனுமதி கேட்பதெல்லாம் கிடையாது. காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், சரியாக இறுக்காத ஹீட்சிங்க் (சிபியு சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு), நின்றுபோன ஃபேன் என்று வரிசையாகப் பாருங்கள்.

கேள்வி: மூடியைக் கழற்றி, எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்தேன். சிபியு வெப்பம் 81-லிருந்து 66-க்கு இறங்கிவிட்டது. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது எதற்கு லாக், லாக் என்கிறீர்கள்?

பதில்: முதலில் மூடியை மூடுங்கள். மூடியிருக்கும்போதுதான் அந்தப் பெட்டி ஒரு குழாய். முன்னால் நுழையும் காற்று டிஸ்க், சிபியு, மெமரி எல்லாவற்றையும் தடவிக்கொண்டு பின்னால் வெளியேறும். மூடியை எடுத்தால் காற்று கிடைத்த வழியில் மேலே போய்விடும், பின்பக்கக் கார்டுகளுக்கு மிச்சம் மீதிகூடக் கிடைக்காது.

மூடி கழற்றியவர்: 15 டிகிரி குறைந்ததே, அது பொய்யா?

பதில்: பொய் இல்லை, ஆனால் புகழ் போய்ச் சேரும் இடம் தப்பு. பல சர்வர்களில் மூடி திறந்ததை உணர ஒரு சுவிட்ச் இருக்கும். திறந்தால் உள் ஃபேன்கள் பயந்துபோய் முழு வேகத்துக்குப் போகும். சிபியுவைக் குளிர வைத்தது அவைதான், உங்கள் டேபிள் ஃபேன் இல்லை. மூடியோடும் மூடி இல்லாமலும் ஃபேன் வேகத்தையும் ரெய்டு கார்டு வெப்பத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

கேள்வி: ரெய்டு பேட்டரி அலர்ட் வருகிறது. அன்றிலிருந்து டேட்டாபேஸ் ஆமை வேகம்.

பதில்: இரண்டும் ஒரே விஷயம். பேட்டரி நம்பிக்கையாக இருந்தால்தான் கார்டு டேட்டாவை கேஷில் (தன் தற்காலிக மெமரியில்) வைத்துக்கொண்டு ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும். பேட்டரி சந்தேகம் என்றால் ரைட்-த்ரூவுக்கு மாறி, டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்லும். அதுதான் அந்த ஆமை வேகம். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. சார்ஜ் ஏறச் சில மணி நேரம் பொறுத்துப் பாருங்கள், அலர்ட் போகவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். அமைப்பில் ரைட்-பேக்கை, அதாவது கேஷில் வைத்ததுமே பதில் சொல்லும் பழைய முறையை, பேட்டரி இல்லாமலும் கட்டாயமாக ஆன் செய்ய ஒரு வசதி இருக்கும். அதுவரை அதைத் தொடாதீர்கள். தொட்டால், மின்சாரம் போன அடுத்த நொடி கேஷில் இருந்ததெல்லாம் போச்சு.

கேள்வி: சூடேறி அணைந்தது, இப்போது நன்றாக ஓடுகிறது, விளக்கு மட்டும் அணையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: லாக்கில் தேதி 1970 என்று காட்டுகிறது அண்ணா.

பதில்: பிஎம்சிக்கு மணி தெரியவில்லை. நெட்வொர்க் வழியாகச் சரியான நேரத்தை வாங்கித் தரும் என்டிபியை அமைத்துக் கொடுங்கள். போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் பாருங்கள், 3 வோல்ட் இருக்க வேண்டும்.

கேள்வி: எச்சரிக்கை வரம்பைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் அலர்ட் வராதுதானே?

பதில்: வராது. காய்ச்சல்காரரின் தெர்மாமீட்டரை ஒளித்து வைத்தாலும் எண் தெரியாதுதான்.

மூடி கழற்றியவர்: குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஃபேன் வேகம் நிமிடத்துக்கு மூடியோடு 6,000 சுற்று, மூடி இல்லாமல் 14,000. ரெய்டு கார்டு 58-லிருந்து 79-க்கு ஏறியிருக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடினால் சிபியு மறுபடி 81-க்குப் போகிறதே?

இடையில் இன்னொருவர்: அறையை 16 டிகிரிக்கு இறக்குங்கள், எல்லாம் அடங்கிவிடும்.

பதில்: இடையில் வந்தவருக்கு: அறைச் சுவரில் தொங்கும் எண்ணை விட்டுவிட்டு, சர்வரின் மூக்கு நுனியில் உள்ள இன்லெட் எண்ணைப் பாருங்கள். குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைப்பது அங்கே 18 முதல் 27 டிகிரி. ரேக்கில் காலி இடங்களை மூடாமல் விட்டால் பின்பக்கச் சூடு சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். அப்புறம் அறையை எவ்வளவு குளிர வைத்தாலும் வீண்.

மூடி நண்பருக்கு: உங்கள் இன்லெட் எவ்வளவு?

மூடி கழற்றியவர்: 23.

பதில்: அப்படியானால் அறை நிரபராதி. ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, காற்று மட்டும் ஹீட்சிங்க்குக்குள் போகாமல் நழுவுகிறது. சிபியு, மெமரி மேலே காற்றைத் திசைதிருப்ப ஒரு பிளாஸ்டிக் கூண்டு இருக்க வேண்டும். இருக்கிறதா?

கேள்வி: டிஸ்க்குகளுக்குச் சூட்டில் ஏதாவது ஆகியிருக்குமா?

பதில்: டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், பழுதான இடங்களைச் சொல்லும் 5, 197, 198 ஆகிய மூன்றையும் இன்று குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் வளர்ந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். பேக்கப்பை இன்றே எடுங்கள்.

கேள்வி: லேப்டாப் சூடாகிறது...

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: ஆரஞ்சு விளக்கு, ரீபூட் செய்தும்...

பதில்: முதல் பதில். முதல் பதில். ரீபூட்டை விடுங்கள்.

மூடி கழற்றியவர்: அலமாரியில் கறுப்பாக, வளைந்த பிளாஸ்டிக் ஒன்று கிடக்கிறது. போன மாதம் மெமரி போடும்போது கழற்றினோம். பேக்கிங் சாமான் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன்.

பதில்: அதேதான். பவரை எடுத்துவிட்டு மாட்டுங்கள், மூடியையும் மூடுங்கள். சிபியு இறங்கியதும் லாக்கை அழிக்கலாம். படி எடுத்துவிட்டீர்கள்தானே?

மூடி கழற்றியவர்: இதோ எடுக்கிறேன்.