பழைய பூச்சாடிக்குள் போகாத வெள்ளை மூட்டம்
வணக்கம். பழைய பச்சைக் கண்ணாடிப் பூச்சாடியை எவ்வளவு கழுவியும் உள்ளே வெள்ளை மூட்டம் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று, உப்புத் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவு. இல்லையென்றால் கண்ணாடியே அரித்திருக்கிறது.

முதலில் வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சம அளவில் கலந்து, உள்ளே ஊற்றி ஓர் இரவு விடுங்கள். வெளியே தங்கப் பூச்சு இருந்தால் அதன்மேல் படவே கூடாது. சுண்ணாம்பு என்றால் கரைந்துவிடும். மென்மையான பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். தயவுசெய்து மணல், கம்பி நார் பக்கம் போகாதீர்கள். கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.

ஈரமாக இருக்கும்போது எந்த மூட்டமும் மறைந்த மாதிரிதான் தெரியும். அதனால் நன்றாகக் காயவைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூட்டம் அப்படியே இருந்து, லேசாக வானவில் நிறமும் ஓடினால் அது அரிப்பு. நெடுநாள் தண்ணீர் நின்றதில் கண்ணாடி செய்யும்போது சேர்க்கும் சோடா என்ற காரப்பொருள் கசிந்து வெளியேறியிருக்கும். வீட்டில் அதைச் சரிசெய்ய முடியாது. தண்ணீர் ஊற்றாமல் உலர்பூக்கள் வையுங்கள், பச்சை நிறத்துக்கு அருமையாக இருக்கும்.

அப்புறம், உள்ளே எண்ணெய் தடவி மூட்டத்தை மறைத்து விற்பவர்களும் உண்டு. அடுத்த முறை வாங்கும்முன் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.