ஆறு மாதமாகியும் விதை இறங்காத ஆண் குழந்தை: எதுவரை காத்திருக்கலாம்?

கேள்வி: என் மகன் 34 வாரத்தில் குறைப்பிரசவத்தில் பிறந்தான். இப்போது ஏழு மாதம் ஆகிறது. வலப்பக்க விதைப்பை காலியாகவே இருக்கிறது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் இறங்கிவிடும் என்றும், ஐந்து வயதுவரை பொறுக்கலாம் என்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி ஒருவர், நெல்லிக்குப்பம்

பதில்: முதலில், தயவுசெய்து உருவிவிடாதீர்கள். இறங்காத விதை பெரும்பாலும் தொடையிடுக்கிலோ, சில குழந்தைகளுக்கு வயிற்றுக்குள்ளோ தங்கியிருக்கும். கையால் அழுத்தி அதைக் கீழே கொண்டுவர முடியாது. அதோடு சேர்ந்து குடலிறக்கம் இருந்தால், அழுத்துவது குழந்தைக்கு வலியையும் ஆபத்தையும் தரும்.

கருவில் விதைகள் சிறுநீரகத்தின் அருகே உருவாகி, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தொடையிடுக்கு வழியாக விதைப்பைக்கு வந்து சேர்கின்றன. உங்கள் மகனைப் போல முன்னதாகவே பிறந்துவிடும் குழந்தைகளுக்கு இந்தப் பயணம் பாதியில் நிற்பது அதிகம். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு இக்குறை இருக்க, குறைமாதக் குழந்தைகளில் அது நூற்றுக்கு முப்பதுவரை போகும். ஆகவே, கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டதாலோ வேலை செய்ததாலோ இது வந்துவிட்டதோ என்று வருந்த வேண்டியதில்லை.

பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தையின் உடலில் ஆண் ஹார்மோன் சிறிது காலம் உயர்ந்திருக்கும். பல குழந்தைகளுக்கு அந்தக் காலத்திலேயே விதை தானாக இறங்கிவிடுகிறது. ஆறு மாதத்திற்குப் பிறகு அப்படி இறங்குவது அரிது. இந்த ஆறு மாதத்தைக் குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிரசவத்திற்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். உங்கள் மகன் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்ததால், இந்தக் கணக்கில் அவனுக்கு இப்போது ஐந்தரை மாதம்தான். காலம் தவறிவிடவில்லை, ஆனால் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க இதுவே சரியான நேரம். புதுச்சேரி ஜிப்மரில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது.

அதற்கு முன் வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். வெந்நீரில் குளிப்பாட்டியபின், குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, டயபரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். குளிரிலும் அழுகையிலும் மேலேறிக்கொள்ளும் விதை, உடல் இளகியதும் பைக்குள் வந்து அங்கேயே சற்று நேரம் தங்குகிறதென்றால், அது வெறுமனே ஏறி இறங்கும் விதை. அதற்கு அறுவை தேவையில்லை. ஆனாலும் சிலருக்கு அது பிற்காலத்தில் மேலேயே நின்றுவிடுவதுண்டு என்பதால், ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் காட்டிவர வேண்டும். எப்போது பார்த்தாலும் ஒரு பக்கம் தட்டையாக, தோலில் சுருக்கமில்லாமல் இருந்தால் அது உண்மையிலேயே இறங்காத விதைதான். எதுவானாலும் மருத்துவர் கைவைத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஸ்கேன் எடுத்துவிட்டு வரலாம் என்று தாமதிக்காதீர்கள். அவர் கைப் பரிசோதனையில் தெரிந்துகொள்வதற்கு மேல் ஸ்கேன் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. விதையை இறக்க ஹார்மோன் ஊசியும் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஐந்து வயதுவரை பொறுக்கலாம் என்பது பழைய கணக்கு. விதைப்பை உடலைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்; உள்ளே தங்கும் விதையில் உடல் சூட்டினால், பின்னாளில் விந்தணுவாக மாற வேண்டிய செல்கள் முதலாண்டு முடிவதற்குள்ளாகவே குறையத் தொடங்குகின்றன. வளர்ந்தபின் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். பருவமடைவதற்கு முன்பே விதையை இறக்கி வைப்பது அதைக் குறைக்கிறது. இந்தக் காரணங்களால்தான் ஒரு வயதையொட்டி, தள்ளிப்போனாலும் பதினெட்டு மாதத்திற்குள் அறுவையை முடித்துவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறோம்.

மயக்க மருந்து கொடுத்து, தொடையிடுக்கில் சிறு கீறலிட்டு, விதையை விடுவித்துப் பைக்குள் இறக்கித் தைத்துவிடுவார்கள். கைக்குத் தட்டுப்படாத விதையென்றால் லேப்ராஸ்கோப்பி வழியாக வயிற்றுக்குள் தேடுவார்கள். பெரும்பாலான குழந்தைகள் அன்றே வீடு திரும்பலாம். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் பால் கொடுக்கக்கூடாது என்று சொல்கிறார்களோ அதை அப்படியே கடைப்பிடியுங்கள். பின்னர் இரண்டு வாரம், கால்களை விரித்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதையும் வாக்கரில் உட்கார வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

நிபுணரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்கக்கூடாத நிலைமையும் உண்டு. தொடையிடுக்கில் திடீரென்று கெட்டியான வீக்கம், விடாத அழுகை, வாந்தி, சிவப்பு ஆகியவை தெரிந்தால், குடல் சிக்கியிருக்கலாம் அல்லது விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நள்ளிரவானாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள். பிறந்த குழந்தைக்கு இரு பக்கமும் விதை தட்டுப்படாவிட்டால், ஆறு மாதம் என்ற கணக்கே பொருந்தாது. பிறந்த சில நாட்களுக்குள்ளாகவே ஹார்மோன், குரோமோசோம் பரிசோதனைகள் செய்தாக வேண்டும்.

அறுவைக்குப் பின் தரும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். மகன் பருவமடைந்தபின் மாதமொரு முறை தானே தடவிப் பார்த்து, புதிதாகக் கட்டி ஏதும் தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்போது அவருக்கு அந்தக் காகிதம் தேவைப்படும்.