ஆப்டிகல் கேபிளில் பின் ஸ்பீக்கர்கள் ஏன் ஒலிப்பதில்லை?

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரி வீட்டில் கணினியை ஆப்டிகல் கேபிளால் ஹோம் தியேட்டரோடு இணைத்த பிறகு, திரைப்படத்தில் எல்லா ஸ்பீக்கர்களும் ஒலிக்கின்றன, விளையாட்டில் முன்னிரண்டு மட்டுமே ஒலிக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடாதீர்கள், அவற்றில் பழுதில்லை. ஆப்டிகல் வழியாகச் சுருக்கப்படாத ஒலி இரண்டு சேனல்கள்தான் (தனித்தனி ஒலித்தடங்கள்) போகும். படத்தில் டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கு முறையில் முன்பே சுருக்கிய 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்குமான ஒலி) இருப்பதால் அது முழுதாகப் போய்ச் சேர்கிறது. விளையாட்டின் ஒலி அப்படிச் சுருக்கப்பட்டு வருவதில்லை.

ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் ஆறு ஆர்சிஏ துளைகள் (ஒவ்வொன்றும் ஒரு சேனலை வாங்கும் வட்டத் துளைகள்) இருப்பதாகச் சொன்னீர்களே, அதுதான் வழி. ஒரு பக்கம் 3.5 மி.மீ. முனையும் மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ முனைகளும் உள்ள கேபிள் மூன்று வாங்குங்கள். கணினியின் சவுண்ட் கார்டில் பச்சைத் துளை முன் ஜோடிக்கு, கறுப்பு பின் ஜோடிக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் (அடித்தொனி ஸ்பீக்கர்). மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செருகுங்கள். ஆம்ப்ளிஃபயரில் மல்டி சேனல் உள்ளீட்டையும் விண்டோஸ் ஒலி அமைப்பில் 5.1-ஐயும் தேர்ந்தெடுங்கள்.

தர்மபுரியில் என் வீட்டில் இப்படி இணைத்த அன்று, வசனமெல்லாம் சப்வூஃபரிலிருந்து உறுமலாக வந்தது. ஆரஞ்சு கேபிளின் சிவப்பு, வெள்ளை முனைகளை இடம் மாற்றியதும் குரல் நடுவில் தெளிவாக நின்றது. உங்களுக்கும் அப்படி வந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.