புள்ளி விழுந்த இடமும் ஆள் நின்ற இடமும்

கேள்வி: பிஸ்கட், சோப்பு வகைகளுக்கு ஏஜென்சி எடுத்து நடத்துகிறேன். லைனுக்குச் செல்லும் ஆறு சேல்ஸ்மேன்களின் கைபேசியிலும் ஜி.பி.எஸ். செயலி இருக்கிறது. அவர்களில் ஒருவர் கடைவீதி மளிகைக் கடையொன்றில் ஆர்டர் எடுத்ததாக எழுதியிருக்கிறார்; செயலியின் வரைபடத்தில் அவர் இருந்த இடத்தைக் காட்டும் புள்ளியோ 300 மீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. மறுநாள் பர்கூர் மலைக்குப் போய்வந்ததற்கு அவர் கேட்கும் பெட்ரோல் படிக்கும், செயலி காட்டும் தூரத்துக்கும் பெரிய வித்தியாசம். சம்பளத்தில் பிடித்தம் செய்யலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு)

பதில்: இந்த இரண்டை மட்டும் வைத்துப் பிடித்தம் செய்யாதீர்கள்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை எட்டினால்தான் கைபேசியால் தன் இடத்தைச் சரியாகக் கணக்கிட முடியும். திறந்த வெளியில் அந்தக் கணக்கு ஏறக்குறைய 5 மீட்டருக்குள் அமைந்துவிடும். தகரக் கூரையின் கீழே, அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று ஆர்டர் எழுதுகிறவரின் கைபேசிக்கு அந்தச் சமிக்ஞை சரிவர எட்டாது. அப்போது அது செல்போன் கோபுரத்தையும் அக்கம்பக்கத்து வைஃபையையும் வைத்து உத்தேசமாக ஓரிடத்தைச் சொல்லிவிடுகிறது. பெரும்பாலான செயலிகளின் அறிக்கையை எக்செல்லாக இறக்கிப் பார்த்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் துல்லியத்துக்கென்று ஓர் எண் இருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் அந்த எண் 600 என்றால், 600 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் ஆள் இருப்பதற்கான வாய்ப்பு 68 விழுக்காடு என்று பொருள். ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை அவர் வட்டத்துக்கு வெளியேயும் இருக்கலாம். ஆகவே 600 என்று பதிவான புள்ளி 300 மீட்டர் தள்ளி விழுந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த எண் 10 என்றிருந்தால் அவரை அழைத்துக் கேளுங்கள். அதற்கு முன்னால், அந்தக் கடையின் இடத்தைச் செயலியில் முதன்முதலில் பதிந்தவர் யார், எங்கே உட்கார்ந்து பதிந்தார் என்பதையும் விசாரித்துவிடுங்கள். அலுவலகத்தில் இருந்தபடியே வரைபடத்தில் குத்துமதிப்பாகக் குறித்த கடைகள் பல ஏஜென்சிகளின் பட்டியலில் உண்டு. அப்படியானால் தவறான இடத்தில் இருப்பது சேல்ஸ்மேன் அல்ல, கடை.

தூரக் கணக்கின் சூட்சுமம் வேறு. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகச் சில செயலிகள் பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கின்றன. குறித்த புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்துக் கிலோமீட்டர் கூட்டுகின்றன. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பைக் பதினைந்து நிமிடத்தில் ஏழரை கிலோமீட்டர் ஓடிவிடும். அந்தியூர் தாண்டி மலையேறும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் அந்த நேர்கோட்டில் காணாமல் போகும். இதற்கு நேர்மாறும் நடக்கும்: சாப்பாட்டு நேரத்தில் அசையாமல் கிடக்கும் கைபேசியின் புள்ளி பத்து இருபது மீட்டர் அங்குமிங்கும் தாவித் தாவி, ஓடாத தூரத்தையும் கணக்கில் சேர்த்துவிடும். ஒவ்வொரு லைனையும் ஒருமுறை பைக்கின் மீட்டரைப் பார்த்து ஓட்டி, அந்தத் தூரத்தையே அந்த லைனுக்கு நிரந்தரமாக வைத்துக்கொள்வதுதான் சண்டையில்லாத வழி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புள்ளி மிகச் சரியாகக் கடை வாசலிலேயே விழுந்தாலும், கைபேசி அங்கே இருந்தது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். கடைக்காரரிடம் பேசினாரா, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினாரா என்பதை ஆர்டரும், கலெக்‌ஷன் ரசீதும், கடைக்காரரின் கையெழுத்தும்தான் சொல்லும். இவற்றின் நேரமும் புள்ளியின் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பார்க்கும்போது, இடம் பதிவான நேரத்தையும் அது சர்வருக்கு வந்துசேர்ந்த நேரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்; மலையில் சிக்னல் இல்லாமல் காலையில் பதிவானது மாலையில் வந்துசேரும்.

கேள்வி: பொய்யான இடத்தைக் காட்டும் செயலிகள் இருக்கின்றனவாமே, எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், விருதுநகர்)

பதில்: ஆண்ட்ராய்டில் மென்பொருள் உருவாக்குவோருக்கென்று உள்ள அமைப்புகளில் இடத்தை மாற்றிக் காட்டும் வசதி இருக்கிறது. அது பயன்பட்டிருக்கிறதா என்று உங்கள் செயலி இயங்குதளத்தைக் கேட்டே அறியலாம். ஆனால் ரூட் செய்த, அதாவது இயங்குதளத்தின் பூட்டை உடைத்து முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொண்ட கைபேசியில் அதையும் மறைக்க முடியும். தடத்தைப் பார்ப்பது நல்லது. உண்மையான புள்ளி நடுங்கும். அட்சரேகையின் ஆறாவது தசமம் என்பது சுமார் 11 சென்டிமீட்டர்; ஒரு மணி நேரம் அந்த இலக்கம்கூட மாறாமல், துல்லிய எண்ணும் மாறாமல் நின்றால் சந்தேகப்படலாம். சில கைபேசிகள் அசையாதபோது பழைய புள்ளியையே திருப்பித் தருவதும் உண்டு என்பதால் முடிவு கட்டிவிட வேண்டாம். புகைப்படம் கேட்டால் போதும் என்கிறார்கள் சிலர். நூறு நாள் வேலையில் இடக்குறிப்போடு தினமும் இருமுறை படமெடுத்து வருகை பதியும் செயலி 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாக இருந்தது; படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது.

கேள்வி: நான் மெடிக்கல் ரெப். வேலை முடிந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமையும் செயலி என்னைப் பின்தொடர்கிறது. இது சட்டப்படி சரியா? (வாசகர், மதுரை)

பதில்: 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்புத் தொடர்பான தேவைக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தரவைப் பயன்படுத்த இடம் தருகிறது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனது அந்தத் தேவைக்குள் எப்படி வரும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம். எந்த நேரம் பதிவாகிறது, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மாலையில் நாள் முடிந்ததாகப் பதிந்தபின், கைபேசி அமைப்புகளில் அந்தச் செயலியின் இட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றிவிட்டு, அப்படி மாற்றியிருப்பதை மேலாளருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.