பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் தண்டநாயகரும்

கேள்வி: மகளுக்கு 12 வயது. தரம் 7, தமிழ்மொழி மூலம். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில் சோழர் காலப் போர் நாவல் ஒன்றின் சிறுவர் பதிப்பை அவளே தேடி எடுத்தாள். சொல்வளம் பெருகட்டும் என்று, தெரியாத சொல் ஒவ்வொன்றையும் பொருளோடு ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். மூன்று கிழமையில் இரண்டு அத்தியாயம்தான் முடிந்திருக்கிறது. கொப்பியில் 140 சொற்கள். இப்போது புத்தகத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறாள். போதாக்குறைக்குத் தவணைப் பரீட்சைக் கட்டுரையில், "அம்மா சமையலறையினின்று வெளிப்போந்து, பாடசாலைக்குப் புறப்படு என முழங்கினார்" என்று எழுதி, ஆசிரியரிடம் சிவப்பு வட்டம் வாங்கி வந்தாள். உள்ளதைத்தானே எழுதியிருக்கிறாள் என்கிறார் என் கணவர். இந்தப் பழைய சொற்களால் உண்மையில் பயன் உண்டா? எப்படிப் படிப்பிப்பது?
(ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: முதலில் அந்தக் கொப்பியை அலுமாரிக்குள் வையுங்கள். எறிய வேண்டாம், பிறகு தேவைப்படும். இரண்டு அத்தியாயத்துக்கு 140 சொல் என்றால் அத்தியாயத்துக்கு 70. ஒரு பிள்ளை 70 தடவை கதையிலிருந்து எழும்பிப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். குதிரைவீரன் இரவோடிரவாக ஆற்றைக் கடந்துகொண்டிருக்கும்போது, "கொஞ்சம் பொறு, 'புரவி' என்றால் என்னவென்று எழுதிவிட்டு வருகிறேன்" என்றால் அவன் எப்படி அக்கரை சேர்வது? முகத்தைச் சுளிக்கும் அளவுக்காவது அவளுக்குக் கதையில் பிடிப்பு மிச்சமிருப்பது நல்ல அறிகுறி.

இந்தப் பிழையை நானும் செய்தவன். தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் பாடம் தொடங்குமுன்பே அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனனம் செய்யச் சொல்வேன். 'அகழி: கோட்டையைச் சுற்றியுள்ள நீர்நிலை.' ஒரு நாள் ஒரு பையன் எழும்பி, "சேர், அப்படியென்றால் பேர வாவி அகழியா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பல வருடம் கழித்துத்தான் வாசித்தேன்: போர்த்துக்கேயர் தங்கள் கொழும்புக் கோட்டைக்குத் தரைப்பக்கக் காப்பாக நீரைத் தேக்கி உருவாக்கியதுதான் அந்த வாவி. ஏறக்குறையச் சரியாகக் கேட்ட பிள்ளையைத்தான் சிரித்து உட்காரவைத்திருக்கிறேன். அவனிடம் என் கரும்பலகையை விட நல்ல வழி ஒன்று இருந்தது. புதுச் சொல்லைத் தான் தினமும் பார்க்கும் ஒன்றோடு கட்டிவிட்டான்.

உங்கள் மகளுக்கும் அதையே சொல்கிறேன். நாவலின் சொற்கள் ஆயிரம் வருடம் பழையவையாகத் தெரியலாம். ஆனால் அவற்றின் சொந்தக்காரர்கள் காலி வீதியிலும் பத்திரிகையிலும் உங்கள் வீட்டுக் குசினியிலும் உலாவுகிறார்கள். இந்த வகை நாவலில் வரக்கூடிய சில வரிகளை நானே எழுதிப் பார்க்கிறேன்:

"தண்டநாயகர் பாசறையை விட்டு வெளியே வந்தார். அகழிக்கு அப்பால், கொத்தளத்தின் மேல், வேலேந்திய காவலரின் நிழல்கள் அசைந்தன. 'வேளைக்காரப் படை இன்னும் வரவில்லையா?' என்று கேட்டார்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதில் ஐந்து சொற்களாவது முட்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வீதி ஒழுங்கை மீறினால் பொலிஸார் எழுதிக் கொடுப்பது தண்டப்பணம். தண்டம் என்றால் கோல், அதிலிருந்து தண்டனை, தண்டிக்கும் வலிமை, அந்த வலிமையாகிய படை. திணைக்களங்களின் பெயர்ப்பலகையில் 'பணிப்பாளர் நாயகம்' என்று பார்த்திருப்பாள். நாயகம் என்றால் தலைமை. இரண்டையும் சேர்த்தால் தண்டநாயகர் படைத்தலைவராக நிற்கிறார். பாசறை அவளுடைய பாடசாலைச் சாரணர்கள் போய்த் தங்குவது, இங்கே படை தங்குகிறது. வேல் பற்றிச் சொல்லவே தேவையில்லை, ஆடிவேல் பார்த்த பிள்ளை.

அகழியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 'சட்டவிரோத மணல் அகழ்வு' என்ற செய்தி அடிக்கடி வருகிறது. வரலாற்றுப் பாடத்தில் 'தொல்லியல் அகழ்வு' வருகிறது. "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்ற குறள் அநேகமாக மனப்பாடம். மூன்றிலும் உள்ளது அகழ், அதாவது தோண்டு. தோண்டியதால் அகழி. இதை ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளைக்கு அகழியின் பொருள் மறக்காது. 'நீர்நிலை' என்று மனனம் செய்தவளுக்குக் குளமும் அகழியும் ஒன்றாகத்தான் தெரியும்.

கொத்தளம் மட்டும் கொழும்பில் காட்டுவது கஷ்டம். கோட்டை என்றால் இங்குள்ள பிள்ளைகளுக்கு ரயில் நிலையம்தான், மதிலையெல்லாம் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனால் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டிய அந்தக் கோட்டையின் ஒவ்வொரு மூலையிலும் துருத்திக்கொண்டு நிற்பதுதான் கொத்தளம். அகழியும் பக்கத்திலேயே இருக்கிறது.

வேளைக்காரப் படைதான் எனக்குப் பிடித்தது. அம்மம்மா "நாளைக்கு வேளைக்கு வா" என்று சொல்வாரல்லவா, அந்த வேளைதான். வேண்டிய வேளையில் உயிரையும் கொடுப்போம் என்று சபதம் செய்த படை என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். கதைக்காகப் புனைந்த படை என்று மகள் நினைத்துவிடக் கூடாது. பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக வேளைக்காரர் ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் கல் அது. அடுத்த முறை அங்கே போனால் காட்டுங்கள். நாவலின் சொல் கல்லில் கிடப்பதைக் கண்ட பிள்ளைக்கு அகராதி தேவைப்படாது.

இதன் மறுபக்கமும் உண்டு. தெரிந்த சொல் போலவே இருந்து ஏமாற்றும் சொற்கள். நம் பிள்ளைகளை அதிகம் குழப்புவது 'சேனை'. நாவலில் சேனை என்றால் படை. பாடப்புத்தகத்தில் சேனைப் பயிர்ச்செய்கை காட்டை வெட்டி எரித்துச் செய்வது, சிங்களத்தின் 'ஹேன'வோடு உறவுள்ள சொல். சந்தையில் சேனை கிழங்கு. மூன்றுக்கும் ஒலி ஒன்றே தவிர உறவில்லை. "சேனை நகர்ந்தது" என்ற வரியைப் படித்துவிட்டுக் காடு எப்படி நகரும் என்று கேட்ட பிள்ளை என் வகுப்பில் இருந்தாள். ஆனால் அதே சேனையில் ஒரு நல்ல வழியும் திறக்கிறது. சேனைக்கு அதிபதி சேனாதிபதி, ஜனங்களுக்கு அதிபதி ஜனாதிபதி. அவளுடைய பாடசாலை அதிபரும் அந்தக் குடும்பம்தான். தீர்க்க சந்தி என்று இலக்கணப் பெயர் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் போதும்.

போர் நாவலில் அடிக்கடி வரும் இன்னொரு கூட்டம் பூக்கள். பழந்தமிழர் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயரை வைத்தார்கள். ஆநிரையை, அதாவது பசுக்கூட்டத்தை, கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, மதிலை முற்றுகையிடுதல் உழிஞை, மதிலைக் காத்தல் நொச்சி, இரு படையும் களத்தில் நேருக்கு நேர் பொருதல் தும்பை, வெற்றி வாகை. இதை அட்டவணையாக்கி மனனம் செய்ய வைக்காதீர்கள், பிள்ளை மறுபடி ஓடிவிடுவாள். தடிமன் வந்தபோது அவித்து ஆவி பிடித்த நொச்சி இலையை நினைவூட்டுங்கள், கோட்டைக்குள் இருந்தவன் சூடியது அந்தச் செடியின் பூ என்று சொல்லுங்கள். வாகையைத் தேடவே வேண்டாம், கிரிக்கெட் செய்தியில் ஏதாவதொரு பாடசாலை எப்போதும் வாகை சூடிக்கொண்டுதான் இருக்கும். 'நீலங்களின் சமர்', 'வடக்கின் பெருஞ்சமர்' என்று மார்ச் மாதத்தில் பத்திரிகைகள் எழுதும்போது சமரும் வந்துவிடும். ஓர் எச்சரிக்கை: "தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே" என்பதில் உள்ளது இந்தப் பூ அல்ல. அது மாடு கட்டும் தும்பு.

இனி அந்தச் சிவப்பு வட்டம். பயன் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது. ஒரு சொல்லைக் கண்டால் புரிவது வேறு, எடுத்து ஆள்வது வேறு. வாசிக்கும்போது 'வெளிப்போந்து' புரிந்தால் போதும், இன்றைய கட்டுரையில் அதற்கு இடமில்லை. எதை ஆளலாம் என்பதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் சோதனை எளிது: இந்தச் சொல்லை இந்த மாதம் பத்திரிகையிலோ வானொலியிலோ சந்திப்பாயா? முற்றுகை, தூது, அரண், வாகை, பின்வாங்கு, புறமுதுகு எல்லாம் தாராளமாக வரும். கசிப்பு நிலையத்தைக்கூட இங்கே முற்றுகைதான் இடுகிறார்கள். அரண் காவலரணில் இருக்கிறது, திருக்குறளில் ஓர் அதிகாரமே அதன் பெயரில் இருக்கிறது. இவற்றைக் கட்டுரையில் எழுதட்டும். தண்டநாயகர், ஞாயில் (கோட்டை மதிலின் ஓர் உறுப்பு), வெளிப்போந்து போன்றவை கதைக்குள்ளேயே இருக்கட்டும்.

'முழங்கினார்' மட்டும் எனக்கு உறுத்தவில்லை. முரசு முழங்கும், கடல் முழங்கும், மேடையில் பேச்சாளர் முழங்குவார். காலை ஏழு மணிக்கு அம்மாவும் முழங்கலாம். அந்தப் பிள்ளை சொல்லின் எடையை அறிந்து விளையாடியிருக்கிறாள். நான் திருத்தியிருந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு சரி போட்டிருப்பேன். இதை அவளிடம் சொல்லுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். ஓர் அத்தியாயத்தை நிற்காமல் வாசிக்கட்டும். முட்டும் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். முடிந்ததும் புள்ளிகளைத் திரும்பிப் பார்த்தால் பாதி சொற்கள் கதை போன போக்கிலேயே விளங்கியிருக்கும், அவற்றை அழித்துவிடலாம். மிச்சத்தில் அவளுக்குப் பிடித்த ஐந்தை அவளே தெரிவுசெய்யட்டும். நீங்கள் தெரிவுசெய்யக் கூடாது. அந்த ஐந்தையும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கதையுங்கள்: இதன் சொந்தக்காரர் யார், எங்கே கேட்டிருக்கிறோம்? மறுநாள் ஒருமுறை, அடுத்த கிழமை ஒருமுறை, மாத முடிவில் ஒருமுறை பேச்சோடு பேச்சாகத் திரும்பக் கேளுங்கள். ஒரே நாளில் பத்துத் தடவை எழுதுவதை விட இது நிற்கும்.

அகராதி கடைசியில்தான். இன்றும் வழங்கும் சொல்லென்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்லது, இலங்கை வழக்கையும் குறித்துக் காட்டும். பழஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை ஒருநாள் கூட்டிப்போய்த் தடித்த அகராதியை அவளே புரட்டிப் பார்க்க விடுங்கள். அப்படியே கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்கும் போகலாம். பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள் அங்கே இருக்கின்றன. முதலாம் இராஜராஜனின் படை 993இல் ஈழத்துக்கு வந்ததும், 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றியதும் பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. அந்தச் சிலைகளுக்கு முன்னால் அந்த இரண்டு வரிக்குக் கொஞ்சம் கனம் கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். போர் நாவல் வாசிக்கும் பிள்ளை ஒருநாள் உங்களிடமோ அம்மம்மாவிடமோ "உங்கள் காலத்துச் சண்டையும் இப்படித்தானா?" என்று கேட்பாள். கேட்டால் கதையை மாற்றாதீர்கள். நாவலில் சமர் உண்டு, அமர் உண்டு, வீரசுவர்க்கம் உண்டு. 'இடம்பெயர்வு' என்ற சொல்லை அதில் தேடினால் கிடைப்பது அரிது. பங்கர், செல், நிவாரணம், அகதி அட்டை இவையெல்லாம் அம்மம்மாவின் அகராதியில்தான் இருக்கும். கோட்டை விழுந்த இரவில் கோட்டைக்குள் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நாவலாசிரியர்கள் அதிகம் எழுதுவதில்லை. அம்மம்மா சொல்ல விரும்பினால் சொல்லட்டும், விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சொன்னால், அந்தச் சொற்களுக்கும் ஐந்தில் ஓர் இடம் கொடுங்கள்.

அலுமாரிக்குள் வைத்த கொப்பியை நாவல் முடிந்த அன்று வெளியே எடுங்கள். 140 சொற்களையும் அவளே ஒரு பேனையோடு பார்த்து, இப்போது தெரிந்தவற்றை வெட்டிக்கொண்டு போகட்டும். மிஞ்சுவது இருபதோ முப்பதோ, அதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.