இழைமணியும் அழற்சியும்: கேட்டவர்களுக்குப் பதில்

இழைமணி (கலத்துக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்பு, மைற்றோகொண்ட்ரியா), அழற்சி, இரண்டிலும் வேலை செய்யும் நொதியங்கள், பரம்பரையலகுகள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சில. நான் வைத்தியன் இல்லை, உயிரிரசாயன ஆய்வுகூடத்து ஆள். அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

சேர், வாவி மீன்களை டி.என்.ஏ. மூலம் இனங்காணும் ஆய்வு செய்கிறேன். ‘கொக்ஸ்-1’ பரம்பரையலகைப் பெருக்கச் சொன்னார்கள். தேடினால் அஸ்பிரின் கட்டுரைகள்தான் வருகின்றன. மீனுக்கும் அஸ்பிரினுக்கும் என்ன சம்பந்தம்? (மாணவி, வந்தாறுமூலை)

ஒரு சம்பந்தமும் இல்லை தங்கச்சி. கொக்ஸ் என்ற பெயரில் இரண்டு நொதியங்கள் திரிகின்றன. உங்களுக்கு வேண்டியது சைற்றோகுரோம் சி ஒட்சிடேஸ். இழைமணியின் உள்மென்சவ்வில் இருந்துகொண்டு, கலச்சுவாசத்தின் கடைசிப் படியில் இலத்திரன்களை ஒட்சிசனிடம் ஒப்படைப்பது அதுதான். அதன் முதலாம் துணையலகுக்கான பரம்பரையலகு இழைமணி டி.என்.ஏ.யிலேயே இருக்கிறது. அதில் ஏறக்குறைய 650 எழுத்து நீளமான துண்டை வைத்தே விலங்கினங்களைப் பிரித்தறியலாம் என்று 2003 இல் கனடாவின் போல் ஹேபர்ட் குழு முன்வைத்தது. மற்றது சைக்ளோஒட்சிஜனேஸ். வலி, வீக்கம், காய்ச்சலுக்குப் பின்னால் நிற்கும் புரொஸ்டாகிளாண்டின்கள் உருவாக வழி திறப்பது. அதன் பரம்பரையலகு கலத்தின் கருவுக்குள். அஸ்பிரின் அடிப்பது இதைத்தான்.

தேடும்போது மீனுக்கு ‘சி.ஓ.ஐ.’ என்றும் அழற்சிக்கு ‘பி.ரி.ஜி.எஸ்.’ என்றும் போட்டுப் பாருங்கள், தொல்லை தீரும். ‘கொக்ஸ்-2’ என்ற பெயரும் இப்படித்தான் இரண்டு பக்கமும் உண்டு, அதற்குப் பிறபொருளெதிரி வாங்குபவர்களும் கவனம். இழைமணிப் புரதம் ஜெல்லில் 25 கிலோடால்டன் (புரத நிறையின் அலகு) அளவில் நிற்கும், அழற்சிக்குரியது 70 பக்கம். பெயரை மட்டும் பார்த்து ஓடர் போட்டால் காசு வாவியோடு போகும்.

அப்புறம், டி.என்.ஏ. எழுத்து வரிசை கைக்கு வந்ததும் அதைப் புரதமாக வாசித்துப் பாருங்கள். முள்ளந்தண்டு விலங்குகளின் இழைமணிக் குறியீட்டைத் தெரிவு செய்ய மறக்கவேண்டாம். வழக்கமான குறியீட்டில் ரி.ஜி.ஏ. என்றால் நிறுத்தம், இழைமணியில் அது திரிப்ரோபான் என்ற அமினோ அமிலம். சரியான குறியீட்டிலும் நடுவில் நிறுத்தம் வருகிறதா? அப்படியானால், எப்போதோ கருவுக்குள் போய்ச் சேர்ந்து செயலிழந்த ஒரு பிரதியைப் பெருக்கிவிட்டீர்களோ என்று சந்தேகப்படுங்கள்.

மரவள்ளிக் கிழங்கோடு இஞ்சி சேர்த்தால் நஞ்சு என்று அம்மம்மா சொல்லுவா. உண்மையா? (களுவாஞ்சிக்குடி)

நஞ்சு கிழங்கிலேயே இருக்கிறது, இஞ்சியை நம்பி இல்லை. மரவள்ளியில் லினமரின் என்றொரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டி, கலங்கள் உடையும்போது கிழங்கின் சொந்த நொதியமே அதை உடைக்க, சயனைட்டு வெளிவருகிறது. அது போய் ஒட்டிக்கொள்வது மேலே சொன்ன சைற்றோகுரோம் ஒட்சிடேஸில். ஒட்சிசன் இரத்தத்தில் நிறைய இருந்தும் கலம் அதைப் பயன்படுத்த முடியாமல் மூச்சுத் திணறும். தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டாக்கி, மூடி போடாமல் அவித்து, தண்ணியை ஊற்றிவிடுங்கள். சரியாக அவிக்காத கிழங்கு, இஞ்சி இல்லாவிட்டாலும் ஆபத்துத்தான்.

இஞ்சியிலுள்ள ஜிஞ்சரோல் ஆய்வுகூடத்தில் மற்றக் கொக்ஸை, அதாவது சைக்ளோஒட்சிஜனேஸைத் தடுப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அதற்காக ஒரு கப் இஞ்சிப் பிளேன்ரீயை வலிமாத்திரைக் கணக்கில் எடுக்கவேண்டாம்.

டெங்குக் காய்ச்சலுக்கு டைக்ளோபினாக், புரூபன் ஏன் கூடாது? பனடோல் மட்டும் எப்படிச் சரி? (காத்தான்குடி)

டெங்கில், இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுகள் குறைகின்றன, நாளங்களும் கசிகின்றன. மிச்சமிருக்கும் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு கொக்ஸ்-1 (மீன் கொக்ஸ் அல்ல, சைக்ளோஒட்சிஜனேஸ்) வேண்டும். இந்த மருந்துகள் அதைத் தடுக்கும், இரைப்பையையும் புண்ணாக்கும். இரத்தம் கசியச் சாட்டு வேறு வேண்டுமா? அஸ்பிரின் இன்னும் மோசம். நொதியத்தில் நிரந்தரமாக ஒட்டிவிடும். சிறுதட்டுக்குக் கரு இல்லாததால் புதிய நொதியம் செய்து ஈடுகட்டவும் முடியாது. அந்தச் சிறுதட்டு சாகும்வரை, அதாவது ஒரு வாரம் பத்து நாளுக்கு, அது முடங்கியதுதான். பரசிட்டமோல் சிறுதட்டை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் அளவு மீறினால் ஈரற் கலங்களின் இழைமணியைச் சிதைக்கும், டெங்கில் ஈரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். காய்ச்சல் இறங்கவில்லை என்று ஆறு மணித்தியாலத்துக்கு முன் அடுத்த குளிசையைக் கொடுக்கவேண்டாம். வைத்தியரிடம் காட்டி இரத்தம் பரிசோதியுங்கள்.

சேர், இழைமணி தாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்று படித்தோம். பிறகெப்படி சில இழைமணி நோய்கள் தகப்பன் வழியிலும் வருகின்றன? (ஏ.எல். மாணவன், கல்முனை)

நீங்கள் படித்தது அரைவாசி, தம்பி. இழைமணிக்குள் இருக்கும் டி.என்.ஏ. தாய்வழிதான், நம்ம பக்கத்துக் குடி (குல) முறை மாதிரி. மகனுக்கும் தாயின் குடி, அவன் பிள்ளைகளுக்கோ மனைவியின் குடி. ஆனால் அந்த டி.என்.ஏ.யில் இருப்பது 16,569 எழுத்துச் சோடிகள், 37 பரம்பரையலகுகள், அவற்றில் புரதத்துக்கானவை வெறும் 13. இழைமணி இயங்க ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்கள் வேண்டும். மிச்சத்துக்கான பரம்பரையலகுகள் கருவில், தாய் தகப்பன் இருவரின் பங்காகவும் இருக்கின்றன. இழைமணி டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் நொதியத்தின் பரம்பரையலகுகூட, போல்-ஜி என்பது, அங்கேதான்.

இழைமணியே அழற்சியை மூட்டுமாமே? (அக்கரைப்பற்று)

மூட்டும். இழைமணியின் மூதாதை ஒரு பற்றீரியா. அதன் டி.என்.ஏ. இழைமணியை விட்டு வெளியே கசிந்தால், கிருமி புகுந்துவிட்டது என்று கலத்தின் காவல் அமைப்புகள் எடுத்துக்கொள்கின்றன. சி-காஸ் என்ற நொதியம் ஒரு வழியில் எச்சரிக்கும். இன்னொரு வழியில் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதக் கூட்டமைப்பு எழும்பி, கஸ்பேஸ்-1 நொதியத்தை ஏவி, அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லூக்கின்-1 பீற்றாவை வெட்டி வெளியே விடும். மூட்டுக்குள் யூரிக் அமிலப் பளிங்குகள் சேரும் ‘கவுட்’ நோயில் வலி தெறிப்பதும் இந்த என்.எல்.ஆர்.பி.3 வழியாகவே. அதற்குக் கொடுக்கும் கொல்சிசின் நம்ம கார்த்திகைப்பூச் செடியிலும் இருக்கிறது. அதற்காகக் கிழங்கைத் தோண்டிவிடாதீர்கள், ஆளைக் கொல்லும்.

கோ-கியூ-10 குளிசை எல்லாருக்கும் நல்லதா? (பொத்துவில்)

இல்லை. இழைமணியில் இலத்திரன்களைக் கடத்தும் பொருள் அது, உடம்பே அதைச் செய்துகொள்ளும். குறைபாடு என்று வைத்தியர் கண்டவருக்கு வேறு கதை.

எலியின் திசுவில் பி.ரி.ஜி.எஸ்.2 (அழற்சிப் பக்கத்துக் கொக்ஸ்-2) இன் ஆர்.என்.ஏ. பல மடங்கு கூடியிருக்கிறது. அழற்சி என்று எழுதலாமா? (ஒலுவில்)

பொறுங்கள். எந்தத் திசு? மூளையிலும் சிறுநீரகத்திலும் இந்த நொதியம் அழற்சி இல்லாமலே இருக்கும். ஆர்.என்.ஏ. கூடினால் நொதியம் கூடியது என்றோ, அது வேலை செய்கிறது என்றோ அர்த்தமில்லை. புரதத்தையும் புரொஸ்டாகிளாண்டின் ஈ-2 ஐயும் அளந்துவிட்டு எழுதுங்கள். அதுவரைக்கும் ‘ஆர்.என்.ஏ. கூடியது’ என்று மட்டும் போடுங்கள்.