பம்ப் போச்சுன்னு யார் சொன்னது?

பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காடும் கொஞ்சம் கிணற்றுப் பாசனமும் இருக்குதுங்க. கொழுக்கட்டைப் புல்லும் சோளத்தட்டும் அறுக்க, டிராக்டர் பின்னால் இழுத்துப் போகிற புல்வெட்டி ஒன்றை நாலு பேர் சேர்ந்து பழசாக வாங்கினோம். சக்கரத்தைக் கீழே அழுத்தி மெஷினைத் தூக்க, எண்ணெய் அழுத்தத்தில் தண்டு நீளுகிற ஒரே ஜாக், அதற்கு எண்ணெய் போய்வர ஒரே ஹோஸ். தூக்கும்போது சுறுசுறுப்பாகத்தான் தூக்குகிறது, ஆனால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. ஜாக்குக்குள் எண்ணெயைத் தடுக்கும் சீல் கிட் இரண்டு தடவை மாற்றியாச்சு. இப்போது பட்டறையில் டிராக்டரின் ஹைட்ராலிக் பம்ப் போச்சு என்கிறார்கள். மாற்றிவிடலாமுங்களா அண்ணா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. பம்பின் வேலை தூக்குவது. உங்கள் மெஷின்தான் சுறுசுறுப்பாகத் தூக்குகிறதே, அப்புறம் பம்ப் மேல் எதற்குச் சந்தேகம்? தூக்கி முடித்து லெவரை நடுவில் விட்ட பிறகு எண்ணெயைப் பிடித்து வைப்பது டிராக்டரில் இருக்கும் வால்வும் ஜாக்குக்குள் இருக்கும் சீலும்தான். இந்த இரண்டில் எது விடுகிறது என்று தெரியாமல் எதைக் கழற்றினாலும் அது குருட்டு வைத்தியம்.

கண்டுபிடிக்க ஒரு கணக்கு போதும். ஜாக்குக்குள் போன எண்ணெய் எங்கேயாவது வெளியே வந்தால்தான் மெஷின் இறங்க முடியும். உங்களுடையது ஒற்றை ஹோஸ் ஜாக் என்பதால், சீல் விட்டால் எண்ணெய் மறுபக்கம் உள்ள மூச்சுத் துளை வழியாகவோ, தண்டு வெளியே வரும் வாய்ப்பக்கமோ கசிந்து கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அந்தத் துளையில் மண் அடைத்திருந்தால் சுத்தம் பண்ணிவிட்டுப் பாருங்கள் (சில பேர் எண்ணெய் ஒழுகுகிறது என்று அதில் போல்ட் முறுக்கி அடைத்தே விடுகிறார்கள், அவர்களை என்ன சொல்வது). துளை காய்ந்து கிடக்கிறது, ஹோஸிலும் எங்கும் ஈரமில்லை, ஆனாலும் மெஷின் இறங்குகிறது என்றால் எண்ணெய் வந்த வழியே டிராக்டருக்குத் திரும்பிப் போகிறது. ஜாக் மேல் குற்றமில்லை, நீங்கள் இரண்டு தடவை மாற்றிய சீலும் வீண் செலவு.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஜாக்கில் ஹோஸ் சேரும் இடத்தில் ஹை பிரஷர் பால் வால்வ் ஒன்று மாட்டுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வால்வை இதில் மாட்டிவிடாதீர்கள், டிராக்டர் ஹைட்ராலிக்கில் அழுத்தம் 150, 200 பார் வரை ஏறும். மெஷினைத் தூக்கி, அடியில் நாலு விரல் இடைவெளி விட்டு நல்ல கனமான கட்டைகளை முட்டுக் கொடுத்து, ஜாக் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வால்வை மூடிவிட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். கோடு நகர்ந்தால் ஜாக். நகராமல் நின்று, வால்வைத் திறந்ததும் இறங்க ஆரம்பித்தால் டிராக்டர் பக்கம். அவ்வளவுதான்.

நானும் ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்தவன். தாராபுரம் பக்கத்து வண்டி ஒன்றுக்கு சீல் மாற்றி, மறுபடி மாற்றி, மூன்றாவது தடவை வெட்கப்பட்டுக்கொண்டே டிராக்டர் வால்வைப் பிரித்தால், எண்ணெயைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வ் உட்காரும் இடத்தில் ரவை அளவு இரும்புத் துகள் ஒன்று மாட்டியிருந்தது. டீசலில் கழுவி மாட்டினேன், இறங்குவது நின்றுவிட்டது. அந்த வண்டிக்காரர் என்னிடம் கூலி எவ்வளவு என்று கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது.

வால்வுக்குள் முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்பூல் என்கிற உருளைக்கும் அதன் துளைக்கும் நடுவே முடி அளவுகூட இல்லாத இடைவெளி இருக்கத்தான் செய்யும், அது வழியாகக் கொஞ்சம் எண்ணெய் கசியும். ராத்திரி தூக்கி நிறுத்தியது காலையில் கொஞ்சம் இறங்கியிருந்தால் அதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன். டீ குடிக்கும் நேரத்தில் இறங்குவதுதான் கோளாறு. எப்படியிருந்தாலும் ரோட்டில் இழுத்துப் போகும்போது மெஷின் இறங்காமல் பிடிக்கும் லாக் பின் போடாமல் போகாதீர்கள், பிளேடு மாற்ற அடியில் கை விடும்போது எண்ணெயை நம்பாதீர்கள்.

சோதனையில் ஜாக்தான் என்று வந்தால், தண்டை நகத்தால் தடவிப் பாருங்கள். துருப் புள்ளி நகத்தில் தட்டினால் புது சீலையும் அது நாலு நாளில் அறுத்துவிடும். தண்டு வெளியே நீட்டிக்கொண்டு மழையில் நின்ற வண்டிகளில்தான் இது வருகிறது. வேலை முடிந்தால் தண்டு உள்ளே போகிற மாதிரி இறக்கி நிறுத்துங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு. களை வெட்டும் ஸ்லாஷர் தூக்கும்போது உதறுகிறது, பம்ப் பக்கம் ஊளையிடுகிற சத்தம். எண்ணெய் மோர் மாதிரி இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: மோர் மாதிரி என்றால் தண்ணீராகவும் இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம். ஒரு பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தெளிந்திருந்தால் அது நுரை, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. எண்ணெய் மட்டம் குறைவா, உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போயிருக்கிறதா என்று பாருங்கள். தெளியாமல் கலங்கலாகவே இருந்தாலோ அடியில் தண்ணீர் தங்கினாலோ மாற்றத்தான் வேண்டும். சந்தேகமாக இருந்தால் சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். வீட்டுக் கல்லில் அல்ல, தனியாக ஒரு பழைய கல்.

சத்தத்துக்கு இன்னொரு காரணம் உறிஞ்சும் பக்கத்து வடிகட்டி அடைப்பது. அதைக் கழுவாமல் எண்ணெய் மட்டும் மாற்றினால் சத்தம் அப்படியே இருக்கும்.

ஒன்று கேட்கிறேன், ஊரில் கை மாறுகிற டிப்பிங் டிரெய்லரை உங்கள் வண்டியில் மாட்டினீர்களா? நிறைய டிராக்டர்களில் கியர், பிரேக், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். டிரெய்லர் ஜாக்கில் கிடந்த அடுத்தவர் அழுக்கும் தண்ணீரும் அப்படியே உங்கள் கியர் பெட்டிக்குள் வந்துவிடும். சில சமயம் நம் எண்ணெய் லிட்டர் கணக்கில் அந்த ஜாக்கோடு போயும் விடும். மட்டம் பார்க்கும்போது வண்டி சமதரையில், லிஃப்ட் கைகள் கீழே இருக்கட்டும். தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தால் குறைவாகக் காட்டும், பார்த்துவிட்டு அதிகமாக ஊற்றிவிடுவீர்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் நின்ற மெஷினின் ஹோஸ் நுனியில் உள்ள கப்ளிங் டிராக்டரில் ஏறவே மாட்டேன் என்கிறது. சுத்தியால் தட்டலாமா?

பதில்: கூடாது. ஹோஸுக்குள் மாட்டிக்கொண்ட எண்ணெய் வெயிலில் விரிந்து, கப்ளிங் நுனியில் உள்ள குண்டை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. நிழலில் விட்டு ஈரச் சாக்கு போட்டுச் சாயங்காலம் மாட்டிப் பாருங்கள். அடுத்த தடவை கழற்றும் முன்பு மெஷினைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லெவரை இறக்கும் பக்கம் தள்ளி அழுத்தத்தை விட்டுவிட்டுக் கழற்றினால் இந்தத் தொல்லை வராது. பாதி மாட்டிய கப்ளிங்கும் ஆளை ஏமாற்றும். மெஷின் மேலே போகும், கீழே வராது. பிளக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள், அதற்கு முன் துணியால் துடையுங்கள்.

கேள்வி: ஹோஸில் எங்கேயோ புகை மாதிரி எண்ணெய் அடிக்கிறது, இடம் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்தேன், விரலில் சுருக்கென்றது. இரண்டு நாளாகக் கொஞ்சம் வீக்கம்.

பதில்: இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவே சொல்லி அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையுறையும் தடுக்காது. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ரத்தம்கூட வராது, வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள், அட்டை நனையும் இடத்துக்கு எதிரே துளை இருக்கும். தப்பித் தவறி உள்ளே போய்விட்டால் அதே மணிக்கு அறுவைச் சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே முள் குத்தியது என்று சொல்லாமல், அழுத்தத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள், எண்ணெய் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.